முதல் ஆணியில் தொங்கிய ஸ்பேனர்

அந்தச் சனிக்கிழமை காலை கண்காட்சித் திடலின் பெரிய கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: எமில் வோன்ட்ரா, அவர் மனைவி இர்மா, மகள் மிலா, மகன் டோபி; பழைய ஸ்பேனர் சேகரிப்போர் சங்கத்தின் புதிய நடுவர் வெண்டல் கிராண்டால்; வேண்டும்போது மட்டும் காதுக் கருவியைப் போட்டுக்கொள்ளும் திருமதி ஹஸ்கின்ஸ்; எதற்கெடுத்தாலும் கிண்டல் அடிக்கும் ரே ஓக்டன்; நெப்ராஸ்கா முழுவதிலுமிருந்து லாரிகளிலும் வேன்களிலும் வந்திறங்கிய மற்ற சேகரிப்பாளர்கள். நடுவரின் நாய் பிஸ்கட்டும் இருந்தது.

வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்று ஊரிலேயே இல்லாதவர்கள்கூட இப்போது, "நான் என் கண்ணால பாத்தேன்" என்று அளந்துகொண்டு திரிகிறார்கள்.

அந்தக் கூடத்தின் சுவரில் ஒரு நீளமான பலகை உண்டு. பலகை முழுக்க வரிசையாக ஆணிகள். கண்காட்சி நாளன்று சங்கத்தின் மிகச் சிறந்த ஸ்பேனர்கள் அந்த ஆணிகளில் தொங்கும். முதல் ஆணி மட்டும் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வோன்ட்ரா குடும்பத்துக்கு உரியது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த இடமில்லை அது.

மிலாவின் கொள்ளுத்தாத்தா யோசெஃப் வோன்ட்ரா அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் காற்றாலைகளை எழுப்பியவர். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர். அதன் ஒரு தாடை அசையாது. இன்னொரு தாடை, கட்டைவிரலால் திருகை உருட்டினால், முன்னும் பின்னும் நகரும். சின்ன நட்டோ பெரிய நட்டோ, கவ்விக்கொள்ளும்.

ஒருநாள் அது காற்றாலையின் உச்சியிலிருந்து விழுந்துவிட்டது. நகரும் தாடையின் அடியில் இருக்கும் பற்களில் ஒன்று ஓரமாகச் சிதைந்துபோனது. அன்று முதல் திருகை உருட்டும்போது ஓரிடத்தில் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்.

"ஸ்பேனருக்கு விக்கல்" என்பான் டோபி. அவனுக்கு ஆறு வயது.

பத்து வயது மிலாவுக்கு அந்த விக்கல் அவள் பெயரைப் போலவே பழக்கம். வீட்டில் எப்போது அதைத் தொட்டாலும் ஒருமுறை உருட்டி, 'டிக்' கேட்ட பிறகுதான் வைப்பாள்.

அந்த வசந்தத்தில் பெரிய மழை. எல்லார் வீட்டு நிலவறைகளிலும் தண்ணீர் புகுந்து, எல்லார் ஸ்பேனர்களிலும் துரு ஏறிவிட்டது. அதனால் கிராண்டால் ஒரு யோசனை சொன்னார். வெள்ளிக்கிழமை மாலையே கூடத்துக்கு வெளியே ஒரு பெரிய தொட்டி நிறைய வினிகரை ஊற்றினார். துரு ஒளிந்திருப்பது தாடையின் பற்களுக்கு நடுவில்தான். ஆகவே எல்லாரும் நகரும் தாடையை மட்டும் கழற்றித் தொட்டியில் போட்டார்கள்.

"யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்று இர்மா அப்போதே கேட்டாள்.

"ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதின காகிதச் சீட்ட நூலால கட்டியிருக்கேன். அதெல்லாம் பக்காவா இருக்கும்" என்றார் கிராண்டால்.

மறுநாள் காலை எமில் தொட்டியில் கைவிட்டுத் தங்கள் ஸ்பேனரின் அளவில் இருந்த தாடையை எடுத்தார். துடைத்தார், எண்ணெய் போட்டார், மாட்டினார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. "வினிகர் வேலை" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆணியில் தொங்கவிட்டார். நடுவர் பார்த்து முடிக்கும்வரை பலகையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதால், மிலாவால் அன்று திருகை உருட்டிப் பார்க்க முடியவில்லை.

இர்மா கதவருகே மேசை போட்டு, பிளம் ஜாம் வைத்த கோலாச்சி ரொட்டிகளை அடுக்கினாள். கூடம் நிறைந்தது.

கிராண்டால் கையில் பூதக்கண்ணாடியோடு பலகை முன் வந்து நின்றார். முந்தைய நடுவர்கள் ஸ்பேனர்களைத் தொங்கவிட்டபடியே பார்ப்பார்கள். இவரோ ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பேன் என்றார். முதல் ஆணியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். தாடையைக் கழற்றினார். பிடியைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார், மறுபடியும் பிடியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

"நண்பர்களே, வருத்தத்தோட சொல்றேன். முதல் ஆணியில இருக்கறது கல்யாண ஸ்பேனர்."

கூடத்தில் 'ஹா' என்று ஒரு சத்தம்.

டோபி அக்காவின் கையை இழுத்தான். "ஸ்பேனருக்குக் கல்யாணமா? கேக் வெட்டுவாங்களா?"

"சும்மா இரு" என்றாள் மிலா. அவள் முகம் சிவந்துவிட்டது. கல்யாண ஸ்பேனர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஸ்பேனரின் பிடி, வேறொரு ஸ்பேனரின் தாடை. இரண்டையும் சேர்த்து முழுசு போலக் காட்டுவது. சேகரிப்பாளர்களிடம் அதைவிடக் கேவலமான வேலை கிடையாது.

"இந்த ஸ்பேனரச் செஞ்ச பட்டறைக்காரங்க தாடையையும் பிடியையும் கையால அரம் போட்டுப் பொருத்துவாங்க. ரெண்டுலயும் ஒரே நம்பரக் குத்துவாங்க. இதுல பிடியில நாலு. தாடையில ஒம்போது" என்றார் கிராண்டால். போலிக்கு மாட்டும் சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து ஸ்பேனரின் கழுத்தில் மாட்டினார். "இத்தன வருஷமா நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாங்களோ என்னவோ. நான் சொல்லல. நம்பர் சொல்லுது."

அந்த 'என்னவோ'தான் மிகவும் மோசம். நேராகத் திட்டினால் நேராகப் பதில் சொல்லலாம். 'என்னவோ' என்று இழுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

எமில் முன்னால் வந்தார். "எங்க தாத்தா ஸ்பேனர்ல தப்புங்கறியா, வெண்டல்?"

"இந்தா, பூதக்கண்ணாடி. நீயே பாத்துக்கோ, எமில்."

"என் வீட்டுப் பொருள எனக்குத் தெரியறதுக்குக் கண்ணாடி வேணுமா? நான் எதுக்குப் பாக்கணும்?"

"பாக்கமாட்டேன்னா நான் என்ன பண்ண?" என்று தோளைக் குலுக்கினார் கிராண்டால். ஸ்பேனரை எமிலின் கையில் கொடுத்தார். முதல் ஆணி வெறுமையாக நின்றது.

எமில் கதவருகே வந்து ஸ்பேனரைக் கோலாச்சி மேசைமேல் வைத்தார். "இர்மா, எல்லாத்தையும் கட்டு. கிளம்பலாம்."

"இன்னும் பாதித் தட்டு விக்கல."

"கட்டுன்னா கட்டு. இனிமே இந்தக் கூடத்துல நம்ம கால் படாது."

"இப்பக் கிளம்பினா, மாட்டிக்கிட்டதும் ஓடிட்டாங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். நான் போய் லாரியத் திருப்பி நிறுத்தறேன்." அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

மிலா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். டோபியும் பின்னாலேயே ஊர்ந்து வந்தான். எங்கள் ஸ்பேனரா கல்யாண ஸ்பேனர்? காற்றாலை உச்சியிலிருந்து விழுந்த ஸ்பேனரா? திருகில் கட்டைவிரலை வைத்து உருட்டினாள்.

சத்தமே இல்லை.

மறுபடியும் உருட்டினாள். தாடை முழுசாகத் திறந்து, முழுசாக மூடியது. 'டிக்' வரவில்லை.

"விக்கல் நின்னுடுச்சா?" என்றான் டோபி.

மிலா திருகிலிருந்து விரலை எடுத்தாள். நடுவர் சொன்னது உண்மைதான்! இது அவர்களுடைய தாடையே இல்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. தப்பாகப் பேசுகிறவர்மேல் கோபப்படுவது சுலபம். பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் பேசுகிறவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. கூடத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

"டோபி, இந்த ஒம்போது நம்மது இல்லன்னா, நம்ம நாலு எங்க போச்சு?"

"யாரோ திருடிட்டாங்க!"

"இரு, இரு. காலையில தொட்டிகிட்ட நீதானே நின்ன? சீட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"சீட்டா? அதெல்லாம் கஞ்சியாப் போச்சு" என்றான் டோபி. "வெள்ளையா மெதந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேன். கொஞ்சம் நக்கியும் பாத்தேன். நல்லாவே இல்ல."

மிலா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஸ்பேனரை மேசைமேல் வைத்தாள்.

"அம்மா, அப்பாவ கொஞ்சம் பிடிச்சு வைங்க."

"எவ்வளவு நேரம்?"

"விக்கல் கேக்கற வரைக்கும்."

இர்மா மகளின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டிய பொட்டலத்தை மெதுவாக அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் மேசையில் இருப்பதைத் தொடுவதற்கு முன், "எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். சேகரிப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள்.

அதே பட்டறையில் செய்த, அதே அளவு ஸ்பேனர் வைத்திருந்தவர்கள் சிலர்தான். மிலா முதலில் திருமதி ஹஸ்கின்ஸின் மேசைக்குப் போனாள். கையைப் பின்னால் கட்டினாள்.

"எடுத்துப் பாக்கலாமா, மிஸஸ் ஹஸ்கின்ஸ்?"

"ஏன், உங்க வீட்டுல இதுவரைக்கும் எடுத்தது போதாதா?"

மிலாவின் காது சுட்டது. ஆனாலும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "எடுத்துப் பாக்கலாமான்னுதான் கேட்டேன்."

அவள் நகரப்போவதில்லை என்று தெரிந்ததும் திருமதி ஹஸ்கின்ஸ் ஸ்பேனரை அவள் பக்கம் தள்ளினார். மிலா உருட்டினாள். வழவழவென்று ஓடியது. தாடையை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "நன்றி."

அடுத்து ரே ஓக்டன். "தாராளமா எடும்மா! ஆனா என் ஸ்பேனருக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேணாம். அதுக்கு இன்னும் வயசாகல" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிலா சிரிக்கவில்லை. உருட்டினாள். அதிலும் சத்தம் இல்லை.

இன்னொரு மேசை. அதற்கடுத்த மேசை. எங்கே போனாலும் பின்னால் முணுமுணுப்பு. எங்கேயும் விக்கல் இல்லை.

கடைசியில் ஒரே ஒரு ஸ்பேனர்தான் மிச்சம் இருந்தது. அது கூடத்தின் நடுவில், நீல வெல்வெட் துணியின்மேல் படுத்திருந்தது. நடுவரின் சொந்த ஸ்பேனர்.

மிலா அதன்முன் போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டினாள்.

"எடுத்துப் பாக்கலாமா, மிஸ்டர் கிராண்டால்?"

கிராண்டால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப நேரமில்ல பாப்பா. அப்பாகிட்டப் போ."

வெளியே எமில் லாரியின் ஹாரனை அழுத்தினார். ஒருமுறை. பிறகு நீளமாக இன்னொரு முறை.

மிலா மூச்சை இழுத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "எடுத்துப் பாக்கலாமா, மிஸ்டர் கிராண்டால்?"

பேச்சுச் சத்தம் அடங்கியது. எல்லாத் தலைகளும் திரும்பின.

திருமதி ஹஸ்கின்ஸ் பையிலிருந்து காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வெண்டல், புள்ள மொறையா கேக்குது. எங்க எல்லார் மேசையிலயும் கேட்டுத்தான் எடுத்துச்சு. உனக்கு மட்டும் என்ன பயம்?"

"பயமா? எனக்கா?" கிராண்டால் கையை வீசினார். "எடுத்துக்கோ. கீழ மட்டும் போட்டுடாத."

மிலா இரண்டு கைகளாலும் ஸ்பேனரை எடுத்தாள். திருகை உருட்டினாள். தாடை கொஞ்சம் இறுக்கமாக நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டிக்.

"விக்கல்!" என்று கத்தினான் டோபி. பிஸ்கட் குரைத்தது.

மிலாவுக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து, 'உங்கள் ஸ்பேனர்தான் கல்யாண ஸ்பேனர்! நீங்கள்தான் ஏமாற்றினீர்களோ என்னவோ!' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் தன் வாழ்நாளில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் ஸ்பேனரை வெல்வெட்மேல் திரும்ப வைத்தாள்.

"இதுல எங்க தாடை இருக்கு. நீங்களே பிரிச்சுப் பாருங்க. நான் பிரிச்சா, நான்தான் மாத்தி வெச்சேன்னு சொல்லிடுவாங்க."

"என்ன உளர்ற? இது என்னோட..." கிராண்டால் தாடையைக் கழற்றினார். பூதக்கண்ணாடியைப் பிடித்தார். பிடியில் ஒன்பது. தாடையில் நான்கு. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நான்கு நான்காகவே இருந்தது. சிதைந்த பல்லும் தெளிவாகத் தெரிந்தது.

அவர் முகம் சிவப்புச் சீட்டின் நிறத்துக்கு மாறியது.

"தொட்டி..." என்றார் மெதுவாக. "என்னோடத எடுத்து மாட்டினப்போ நான் நம்பரே பாக்கலயே."

"எங்கப்பாவும் பாக்கல. சீட்டெல்லாம் கஞ்சியாப் போச்சு. ரெண்டு பேரும் மாத்தி எடுத்துட்டீங்க."

கிராண்டால் குனிந்து, அவள் காதருகே பேசினார். "சரி பாப்பா. சத்தமில்லாம மாத்திக்கலாம். சிவப்புச் சீட்ட நான் இப்பவே எடுத்துடறேன். போதுமில்ல?"

"போதாது" என்றாள் மிலா. அவள் குரல் தாழவில்லை. "எங்க குடும்பத்தப் பத்தி மைக்குல சொன்னீங்க. மைக்குல சொன்னத மைக்குலதான் திருப்பி எடுக்கணும்."

கிராண்டால் அவளைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். திருமதி ஹஸ்கின்ஸ் காதுக் கருவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மைக்கை எடுத்தார். அதே சமயம் எமில், கையில் லாரிச் சாவியோடு, யாரையோ திட்டுவதற்குத் தயாராகக் கதவைத் திறந்தார்.

"நண்பர்களே" என்றார் கிராண்டால். தொண்டையைச் செருமினார். "வோன்ட்ரா குடும்பத்தோட தாடை என் ஸ்பேனர்ல இருக்கு. என்னோடது அவங்க ஸ்பேனர்ல இருக்கு. மாறினது என் தொட்டியில. காகிதச் சீட்டும் என் யோசனைதான். அவங்க யாரையும் ஏமாத்தல." கொஞ்சம் நிறுத்தினார். "'என்னவோ'ன்னு ஒண்ணு இழுத்தேனே, அதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

எமில் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு நேராக நடந்து வந்து கையை நீட்டினார். குலுக்குவதற்கு இல்லை.

"அந்தக் கண்ணாடியக் கொடு, வெண்டல்."

பார்த்தார். "நாலு" என்றார். "காலையில நீ கொடுத்தப்பவே பாத்திருக்கணும்." அதன் பிறகுதான் கையைக் குலுக்கினார்.

ரே ஓக்டன் சும்மா இருப்பாரா? கோலாச்சி மேசையில் இருந்த ஸ்பேனரிலிருந்து சிவப்புச் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெல்வெட் மேசைக்கு நடந்தார். "அப்ப மாப்பிள்ள வீடு இதுதானே? சீட்ட இங்க மாட்டிடலாமா?"

கூடமே சிரித்தது. கிராண்டால் தலையைக் குனிந்துகொண்டார்.

மிலா சீட்டை ரேயின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வேணாம். அவரும் யாரையும் ஏமாத்தல" என்றாள். சீட்டைக் குனிந்து பிஸ்கட்டிடம் நீட்டினாள். பிஸ்கட் எதையும் வேண்டாம் என்று சொல்லும் நாய் இல்லை.

இரண்டு தாடைகளும் தங்கள் தங்கள் பிடிக்குத் திரும்பின. இறுக்கம் போய்விட்டது. வெண்ணெயில் ஓடுவது போல ஓடின, ஒரு 'டிக்'கைத் தவிர.

திருமதி ஹஸ்கின்ஸ் கோலாச்சி மேசைக்கு வந்து, மிச்சமிருந்த பாதித் தட்டையும் கட்டித் தரச் சொன்னார். "காலையில நான் கருவி போடல பாரு" என்றார் மிலாவிடம். "அதனால நான் என்ன சொன்னேன்னு எனக்கே கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் மிலா.

"ம்ம். அப்ப மன்னிச்சிடும்மா."

மிலா நாற்காலிமேல் ஏறினாள். திருகை ஒருமுறை உருட்டினாள். அமைதியான கூடத்தில் அந்த 'டிக்' எல்லாருக்கும் கேட்டது. கேட்ட பிறகுதான் ஸ்பேனரை முதல் ஆணியில் மாட்டினாள்.

மிலா வோன்ட்ரா நடுவரின் ஸ்பேனரைக் கேட்காமலே மேசையிலிருந்து பிடுங்கினாள் என்று ஊரில் இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பிடுங்கவில்லை. கேட்டுத்தான் எடுத்தாள். இரண்டு முறை கேட்டாள்.